ஓநாய்த் தலை ஒன்றுக்கு இரண்டு டாலர்

ஷார்ஜா, ரோலா. நான்காம் மாடி. இரவு ஷிப்ட்.
ஏசி ஒழுகும் தண்ணீருக்கு
பழைய பெயின்ட் வாளியை வைத்திருக்கிறான் தில்தார்.
அது நிறைவதற்குள் நாற்பது பக்கம் தட்டினால்
அன்றைய கூலி தப்பும்.

இந்த மாதம் எனக்கு வந்த கட்டு: ஜாபெஸ் தார்ன்லி,
அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தின்
முதல் கணக்குத் தணிக்கையாளர்.
அந்த மாநிலத்துக்கு அப்போது வயது மூன்று.
இதே பெயரை எங்கள் கோயிலில் யாபேஸ் என்போம்.
புன்னக்காயலில் என் தாய்மாமனுக்கும் அதுதான்.
முதல் நாளே மனதுக்குள்
மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

மாமாவின் கையெழுத்து மோசமில்லை.
எஸ் மட்டும் எஃப் போல நெடுநெடுவென்று நிற்கும்.

ஓநாய்த் தலை ஒன்றுக்கு இரண்டு டாலர்.
அதே தலை மறுபடி வராதிருக்கக் காதை அறுத்துவிடவும்.
ஆளுநர் வீட்டுக்கு மெழுகுவர்த்தி, ஆறு ராத்தல்.
கஜானாப் பெட்டிக்குப் பூட்டு.
இரண்டாவது சாவி கேட்ட மனு, நிராகரிப்பு.
சட்டசபை கூடியதற்கு வாடகை:
சாராயக்கடை மாடி, பதினெட்டு நாள்.
(விறகு தனி.)
தணிக்கையாளர் சம்பளம்: நிலுவை.
அடுத்த காலாண்டும் நிலுவை.
அதற்கடுத்ததில் தன் பெயருக்கு நேரே
சும்மா ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

கோட்டை எப்படித் தட்டச்சு செய்வது?
ரெஞ்சுவிடம் கேட்டேன். மேற்பார்வை அவன்தான்.
"வெற்று என்று போடு."
எனக்கும் மார்ச் வெற்று. ஏப்ரல் வெற்று.
கேட்டால் இன்ஷா அல்லா, வியாழன் என்கிறார்கள்.
எந்த வியாழன் என்று சொன்னதில்லை.

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்
பதினொரு டாலர் முப்பத்தேழு காசு குறைகிறது.
"பிழை என்னுடையது" என்று எழுதி
குதிரைச் சேணத்தை விற்றுக் கட்டியிருக்கிறார்.
தில்தாரை எழுப்பிக் காட்டினேன்.
"கிறுக்கன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

பக்கத்தைத் திருப்பினால்,
ஆற்றுக்கு மேற்கே எண்பதாயிரம் ஏக்கர், விற்பனை.
யாருக்கு விற்றது, இருக்கிறது.
என்ன விலை, இருக்கிறது.
யாரிடமிருந்து வந்தது என்பதற்கு
அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.
கீழே ஒரு வரி:
போர்வைகள், பன்னிரண்டு. புறப்படுபவர்களுக்கு.

எத்தனை பேர் புறப்பட்டார்கள் மாமா?
எங்கே?
எந்த மாதம், குளிரா?
அவருடைய எழுத்து அந்த வரியில்தான்
முன்னெப்போதையும்விட அழகாக இருக்கிறது.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.
பதினொரு டாலருக்குச் சேணத்தை விற்ற மனுஷன்
பன்னிரண்டு போர்வைக்குக் கூட்டல் போட்டு
அடிக்கோடும் இழுத்துவிட்டார்.

மீதிக் கட்டு முழுக்க அவரை
தார்ன்லி என்றுதான் தட்டினேன்.

இருநூற்றுப் பன்னிரண்டில் கை மாறுகிறது.
யாரோ அவசரக்காரன்.
காலஞ்சென்ற தணிக்கையாளரின் நாற்காலி,
ஏலம், எழுபத்தைந்து காசு.
அன்னாரின் சம்பள நிலுவை:
அதன்பின் ஒரே ஒரு சொல். அதன் தலையில் மை கொட்டியிருக்கிறது.
வாலில் ஐயும் டியும் மட்டும் மிச்சம்.
பெய்டா, வாய்டா?
கொடுத்தார்களா,
செல்லாது என்று முடித்தார்களா?
நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன்.
மை பெரிதாயிற்று.

வாசிக்க இயலாததற்கு ஒரு குறியீடு இருக்கிறது.
அதைப் போட்டேன். வேறு என்ன செய்ய?
விரல் ஒரு நிமிடம் பெய்டுக்குப் போய்த் திரும்பியது என்பதை
ரெஞ்சுவுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வாளி நிறைந்துவிட்டது. முப்பத்தொரு பக்கம்தான்.
கீழே ஓமான் மீன் லாரி பின்னோக்கி வரும் சத்தம்.
டைம்ஷீட்டைத் திறந்து
மார்ச்சுக்கு நேரே
கழித்தல் விசையை அழுத்திப் பிடித்தேன்.
கோடு ஏப்ரலைத் தாண்டி
கட்டத்தைத் தாண்டி
ஓரம்வரை போயிற்று.